நாக்கில் அடித்த மருந்தும் சிவப்பு சிரப்பும்

ஆறு வருடங்கள் நான் ஆஸ்துமா மருந்தை என் நாக்குக்குக் கொடுத்துவந்தேன். என் நாக்குக்கு ஆஸ்துமா கிடையாது.

இதைச் சொல்வதற்கே வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் முழு வெட்கம் இன்னும் வரவில்லை. பொம்மனஹள்ளியிலிருந்து தினமும் எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் நான் செய்யும் வேலை, பொருள்களோடு பெட்டிக்குள் மடித்து வைக்கும் 'பயன்படுத்தும் முறை' காகிதங்களை எழுதுவது. பிரிண்டர், காபி மெஷின், ஆபீஸ் வாசலில் விரல் வைக்கும் கருவி. "மூடியைத் திறக்கும் முன் மின் இணைப்பைத் துண்டிக்கவும்" போன்ற வாக்கியங்களை வைத்து இருபது வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். யாருமே இந்தக் காகிதங்களைப் படிப்பதில்லை என்று நண்பர்களிடம் புலம்பவும் செய்திருக்கிறேன். என் இன்ஹேலர் பெட்டிக்குள்ளும் அப்படி ஒரு காகிதம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அதை வெளியே எடுப்பேன், மடிப்பின் நேர்த்தியைத் தொழில்காரனின் கண்ணோடு பார்த்துத் தலையாட்டுவேன், குப்பைக் கூடையில் போடுவேன்.

முழு வெட்கம் இதுதான்: எந்தெந்த மருந்துகளை அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுக்கலாம் என்று தீர்மானிக்கும் குழுவில், இந்த லட்சணத்தில் இருந்த நானும் ஓர் உறுப்பினன்.

அந்தக் குழுவில் பொதுமக்கள் சார்பாக ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி. முன்பு இருந்தவர் மகனோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டார். மருந்துக் கடை வாசலில் மனிதர்கள் எப்படி நிற்கிறார்கள், எதை மட்டும் தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள் என்று நான் எழுதிய ஒரு கட்டுரை கன்னடத்தில் வந்திருந்தது. அதை யாரோ ஓர் அதிகாரி படித்திருக்கிறார். போன் வந்தது. நீங்கள் டாக்டரா என்றார். இல்லை. மருந்து விற்பவரா? இல்லை. மருந்துக் கம்பெனியில் சொந்தக்காரர் யாராவது? இல்லை. கட்சி? இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் அவர் குரலில் மகிழ்ச்சி கூடிக்கொண்டே போனது. எதுவுமாக இல்லாததே தகுதி என்று எனக்கு ஒரு பதவி கிடைத்தது அந்த ஒரு தடவைதான்.

சேர்ந்த முதல் நாள் ஒரு படிவம் கொடுத்தார்கள். மருந்துத் தொழிலோடு உங்களுக்கு உள்ள தொடர்பு என்ன, பட்டியலில் உள்ள எந்த மருந்தையாவது நீங்களே சாப்பிடுகிறீர்களா என்று அதில் கேட்டிருந்தது. 'ஆம், இன்ஹேலர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நேர்மையான மனிதன் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அரசு ஒரு மருந்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்று அதற்கு முன்பு என்னைக் கேட்டிருந்தால், பெரிய மேஜை, பெரிய மனிதர்கள், உயிரா பணமா என்று மேஜையைக் குத்தும் விவாதம் என்றெல்லாம் அளந்திருப்பேன். மேஜை பெரியதுதான். மற்றபடி அங்கே நடந்தது, ஒரு குடும்பம் ஊருக்குப் போகப் பெட்டி அடுக்குவது மாதிரி இருந்தது. ஸ்வெட்டர் வேண்டுமா என்றால் வேண்டும்தான். குடை வேண்டுமா, அதுவும் வேண்டும். பெட்டி ஒன்றுதான். ஸ்வெட்டரை வைத்துவிட்டு மேலே உட்கார்ந்து அமுக்கிப் பார்க்கலாம். ஓர் அளவுக்கு மேல் ஜிப் ஏறாது.

குழுவின் தலைவி பருத்திச் சேலை கட்டிய, பேனாவை நம்பாமல் பென்சிலால் மட்டும் எழுதும் ஒரு மூத்த மருத்துவர். ஒவ்வொரு மருந்துக்கும் கேள்விகள் இருந்தன. இந்த நோய் எத்தனை பேருக்கு இருக்கிறது? மருந்து உண்மையில் குணப்படுத்துகிறதா, இல்லை குணமான மாதிரி ஒரு தோற்றமா? இதே வேலையை இதைவிட மலிவாகச் செய்யும் மருந்து உண்டா? தாலுகா ஆஸ்பத்திரியின் கோடையை இது தாங்குமா? ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும் என்றால், அந்த ஃப்ரிட்ஜில் ஏற்கெனவே இருக்கும் டிபன் பாக்ஸை யார் எடுப்பது? எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்து எல்லோரும் தலையாட்டிய பிறகு, இது உள்ளே வரப் பட்டியலிலிருந்து எது வெளியே போவது என்று தலைவி பென்சிலை மேஜையில் தட்டிக் கேட்பார்: "அது சரி. எதை எடுக்கிறது?"

முதல் கூட்டத்திலேயே ஒரு நல்ல மருந்து, வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராத மருந்து, அந்தக் கேள்வியில் வெளியே நின்றுவிட்டது. பென்சில் ஒரு கோடு போட்டது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பிஸ்கட் தட்டைத் தொடவில்லை.

மானியம் என்றால் தாராளம் என்று நினைத்திருந்தேன். இல்லை, அது தேர்வு. கொடுக்கிறவர்கள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, யாருக்கு இப்போது கிடைக்காது என்றும் சேர்த்தே முடிவு செய்கிறார்கள். இதைக் கொடுமை என்பவர்களோடு நான் இப்போதும் சண்டை போடத் தயார். பட்டியல் என்று ஒன்று இல்லாவிட்டால் தேர்வு நடக்காமல் போகாது. யார் அதிகச் சத்தமாகக் கத்துகிறாரோ அவர் தேர்ந்தெடுப்பார். மூச்சு வாங்கும் ஆட்களுக்கு அதில் இடமில்லை. கேள்வி கேட்டு, எழுதி வைத்து, தப்பு என்று தெரிந்தால் திருத்திக்கொள்ளும் ஓர் அறை இருப்பது நல்லது. அந்த அறையில் தப்பு எப்படி நுழைகிறது என்பதை நான் கிட்டத்திலிருந்து பார்த்தேன். அது என் தோளில் பையை மாட்டிக்கொண்டு படியேறி வந்தது.

இரண்டாம் கூட்டத்தன்று கட்டடத்தின் லிஃப்ட் ஓடவில்லை. "கெட்டோகிதே சார்" என்று வாசலில் இருந்தவர் லிஃப்டைக் காட்டிக் கையை விரித்தார். மூன்று மாடி ஏறினேன். நான் நாற்காலியில் விழுந்தபோது மருந்துக் கிடங்கைக் கவனிக்கும் அதிகாரி அன்றைய முதல் விஷயத்தைப் படித்துக்கொண்டிருந்தார். விஷயம்: ஆஸ்துமா இன்ஹேலரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா?

அவர் பருமனான, அதிகம் பேசாத மனிதர். கிளினிக்குகள் இன்ஹேலரைக் கேட்பதே இல்லை, பெட்டிகள் பிரிக்காமலே காலாவதியாகின்றன என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொருளாதார நிபுணர், மூக்குக் கண்ணாடிக்குள்ளிருந்து லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே, இன்ஹேலர் வாங்கிப்போனவர்களும் திரும்பி வந்து மாத்திரையும் சிரப்பும் கேட்கிறார்கள், ஒரே நோய்க்கு இரண்டு செலவு என்றார். இன்ஹேலர் போனால் அந்த இடத்தில், மூன்று கூட்டங்களாக வெளியே காத்திருக்கும் ஒரு மருந்து உள்ளே வரலாம். குழந்தைகளின் ரத்த நோய் ஒன்றுக்கானது. கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது.

குழுவில் இருந்த நுரையீரல் டாக்டர் அன்று வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

தலைவி என் பக்கம் திரும்பினார். "நீங்க இதை யூஸ் பண்றீங்கன்னு எழுதியிருக்கீங்க அல்லவா? ஹேளி சார், சொல்லுங்க, எப்படி இருக்கு?"

பொதுமக்களின் குரலைக் கேட்கிறார்கள். எனக்கோ மூச்சு வாங்குகிறது. பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தேன், வாயைத் திறந்தேன், சொட்டு மருந்து வாங்குகிற குழந்தை மாதிரி நாக்கை நீட்டி அதன் மேல் இரண்டு தடவை அடித்துக்கொண்டேன். தலைவி எழுதிக்கொண்டிருந்தார், நிபுணர் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார், அறுவைச் சிகிச்சை டாக்டர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தொடர்ந்து இரைத்தேன்.

"உண்மையைச் சொல்லணும்னா மேடம், பெரிய பலன் ஒண்ணும் தெரியல."

'பயன்படுத்துபவரின் அனுபவம்: பலன் குறைவு' என்று பென்சில் எழுதியது. முடிவை அடுத்த கூட்டத்தில் உறுதி செய்துகொள்ளலாம் என்றார்கள். என் சொல் கோப்பில் ஏறிவிட்ட பெருமையோடு கீழே இறங்கினேன். இறங்குவதில் எனக்கு ஒருபோதும் சிரமம் இருந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கொடியில் கீழ்வீட்டு அம்மா. வயது நாற்பத்தைந்து இருக்கும். கோலார் தங்க வயலில் பிறந்தவர். அப்பா சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர். இவர் ஓசூர் ரோட்டில், மருத்துவ அட்டை கூடத் தராத ஒரு சின்னத் தையல் யூனிட்டில், சட்டைக்குக் காலர் வைக்கிற வேலை. பஞ்சும் தூசியும் நெஞ்சில் சேர்ந்து அவருக்கும் இரைப்பு உண்டு என்று தெரியும். எங்கள் இருவருக்கும் பொதுவான விஷயம் ஒன்று கிடைத்ததே என்று, குழுவைப் பற்றி அளக்க ஆரம்பித்தேன். பேச்சுவாக்கில் இன்ஹேலர் போகப்போகிறது என்பதையும் சொன்னேன்.

ஈரத் துணியை வாளியிலேயே போட்டுவிட்டு அவர் நிமிர்ந்தார். "இன்னாண்ணே சொல்றீங்கோ? பம்ப எடுத்துடப் போறீங்களா?"

"நான் இல்லைம்மா. குழு."

"குழுல நீங்க இல்லையா?"

"இருக்கேன்."

"அப்ப நீங்கதான்."

"மாத்திரை இருக்கும்மா. அதை எடுக்கல. அதே மருந்துதான்."

அவர் வலது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். விரல்கள் அசையாமல் இருந்தன. "இந்தக் கைய பாருங்க. மாத்திரை போட்டா இது இப்டி நிக்காது. மூச்சு நல்லாத்தான் வரும், ஆனா கை ஆடும், நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். ஆடற கைய வெச்சிகினு காலர் வெக்க முடியுமா? முன்ன ஒரு தபா மாத்திரைல இருந்தப்ப, வெச்ச காலர் எல்லாம் பல்லு மாரி கோணல் கோணலா வந்துச்சு. பீஸெல்லாம் ரிட்டர்ன். சூப்பர்வைசர் என்ன மெஷின வுட்டு எழுப்பி நூல் வெட்ட ஒக்கார வெச்சிட்டான். பத்து வருசமா மெஷின்ல ஒக்காந்தவ, நேத்து சேந்த பொண்ணுங்களோட கீழ ஒக்காந்து நூல் வெட்டறேன். பம்பு வந்தப்பறம்தான் திரும்ப மெஷினு. இப்ப மறுபடி நூல் வெட்டச் சொல்றீங்களா?"

பதில் இல்லாதபோது படித்தவர்கள் செய்வதை நானும் செய்தேன். என் அனுபவத்தைச் சொன்னேன். "ஆனா அது அவ்வளவா வேலை செய்யறதில்லையேம்மா. நானும் ஆறு வருஷமா அடிக்கிறேன்."

"அடிச்சுக் காட்டுங்க."

சட்டைப் பையிலிருந்து எடுத்து, நாக்கை நீட்டி, அடித்துக் காட்டினேன்.

அவர் கொடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் பனியன்கள் எல்லாம் ஆடின. சிரித்துச் சிரித்து அவருக்கே இரைப்பு வந்துவிட்டது. "அது இன்னா செண்டாண்ணே? நாக்குக்கு வாசனை போடறீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

திரும்பி வந்தபோது கையில் அவருடைய பம்பும் ஒரு சின்ன தண்ணி பாட்டிலும் இருந்தன. பாட்டிலின் அடிப்பக்கத்தில் கம்பியைக் காய்ச்சி ஓட்டை போட்டு, பம்பின் வாய் சரியாகப் பொருந்தும்படி செய்திருந்தது. பம்பைக் குலுக்கினார், அடியில் சொருகினார், மூச்சை முழுக்க வெளியே விட்டார். பாட்டிலின் வாயை உதடுகளால் கவ்வி ஒரு தடவை அழுத்திவிட்டு, மெதுவாக, ரொம்ப மெதுவாக இழுத்தார். பாட்டிலுக்குள் லேசாகப் புகை மாதிரி எழுந்தது உள்ளே போய் மறைந்தது. மனதுக்குள் பத்து வரை எண்ணுவது முகத்தில் தெரிந்தது.

"பம்ப நேரா அடிச்சா நாக்குலயும் தொண்டைலயும் ஒட்டிக்கும். பாட்டில்ல அடிச்சா மெதுவா இழுத்துக்கலாம். கிளினிக்ல ஒரு சிஸ்டர் கீறாங்க, அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. பாட்டில் கூட அவங்க செஞ்சதுதான்."

"எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பாங்களா?"

"அவங்க இருந்தா சொல்லுவாங்க. லீவுன்னா கையில குடுத்து அனுப்பிடுவாங்கோ. வாங்கிகினு போறவங்க உங்கள மாரிதான் அடிப்பாங்க. அப்பறம் இது ஆவலன்னு வந்து மாத்திரை கேப்பாங்க. பாதி பேரு பம்பு வாணாம்னே சொல்லிடுவாங்க. பம்பு புடிச்சா கடைசி ஸ்டேஜாம்."

கிடங்கு அதிகாரி படித்ததும் நிபுணர் லேப்டாப்பில் வைத்திருந்ததும் எல்லாமே அந்த மொட்டை மாடியில், ஈரத் துணிகளுக்கு நடுவே, வேறு அர்த்தத்தோடு நின்றன. யாரும் கேட்கவில்லை, வாங்கியவர்களும் திரும்பி வந்தார்கள். எல்லாம் உண்மை. ஆனால் குற்றவாளி மருந்து இல்லை.

கீழே போய், என் இன்ஹேலருக்கு ஒரு பாட்டிலைத் தயார் செய்தேன். அவர் சொன்னபடி இழுத்தேன். எனக்குள் மூச்சு இவ்வளவு தூரம் போகும் என்று அதுவரை தெரியாது. இத்தனை வருடம் குடியிருந்த வீட்டில், பின்பக்கம் இன்னொரு ரூம் இருக்கிறது என்று திடீரென்று கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

மனைவியிடம் சொன்னேன்.

"ஆறு வருஷமாவா?"

"ஆறு."

"பெட்டிக்குள்ள ஒரு பேப்பர் இருக்குமே, அதுல போட்டிருக்குமே?"

"போட்டிருக்கு. இப்பதான் படிச்சேன். படம் போட்டே விளக்கியிருக்கான்."

"நீங்க எழுதறதும் அந்த மாதிரி பேப்பர்தானே?" என்றாள். எந்த இடத்தில் நிறுத்தினால் நன்றாக வலிக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

அடுத்த கூட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரத்தில் பல கௌரவமான பொய்களை ஆராய்ந்தேன். என் மருந்தை டாக்டர் மாற்றிவிட்டார், புதியது நன்றாக வேலை செய்கிறது எனலாம். ஒரு 'நண்பர்' தப்பாகப் பயன்படுத்தி வந்ததை அண்மையில் அறிந்தேன் எனலாம். கடிதம் எழுதி அனுப்பிவிட்டு அன்றைக்கு லீவு எடுக்கலாம். ஒவ்வொரு பொய்யையும் யோசிக்கும்போது கீழ்வீட்டு அம்மாவைப் படியில் பார்க்க வேண்டியிருந்தது. அவர் கேட்டது ஒன்றே: "என்னண்ணே, பம்பு இருக்குமா?" அந்த மாதம் வாங்கி வந்த பம்பை அவர் ஒரு நாளைக்கு ஒரு தடவை குறைத்து அடிக்கிறார், தீர்ந்துபோனால் என்ன செய்வதென்று சேமிக்கிறார் என்று என் மனைவி சொன்னாள். அதற்குப் பிறகு பொய்கள் சரிப்படவில்லை.

கூட்டத்தன்று லிஃப்ட் ஓடியது. இருந்தாலும் படியில் ஏறினேன். மூன்று மாடி ஏறியும் சாதாரண மனிதனைப் போல் உள்ளே நுழைந்தேன். யாரும் கவனிக்கவில்லை என்பது சற்று ஏமாற்றம்தான். பையில், அடியில் ஓட்டை போட்ட தண்ணி பாட்டில்.

இன்ஹேலர் விஷயம் வந்ததும் கையைத் தூக்கினேன். "மேடம், போன தடவை நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். மருந்து சரியாகத்தான் இருக்கு. நான்தான் தப்பு." பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நாக்கு உட்பட. என் தொழில் உட்பட.

"ஆறு வருஷமாவா?" என்றார் பொருளாதார நிபுணர். எல்லோருக்கும் முதலில் அதுதான் தோன்றுகிறது.

சிரிப்பு அடங்கக் காத்திருந்தேன். பிறகு மருந்து தீர்ந்த என் பழைய இன்ஹேலரை எடுத்து மேஜை மேல் வைத்தேன். "வாயில் வைக்க வேண்டாம். இதை எப்படிப் பயன்படுத்துவீங்கன்னு காற்றில் மட்டும் செய்து காட்டுங்க."

கிடங்கு அதிகாரி அதை வாங்கி, என்னைப் போலவே அழகாக நாக்கை நீட்டினார். அறுவைச் சிகிச்சை டாக்டர் முதலில் நன்றாக மூச்சை இழுத்து முடித்தார், பிறகு அழுத்தினார். நிபுணர் தலைகீழாகப் பிடித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பரீட்சையில் தோற்றவரின் முகம் அவருக்கு. அன்றைக்கு வந்திருந்த நுரையீரல் டாக்டர் மட்டும் சரியாகச் செய்தார். அவர் அது வரை நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "என் பேஷண்ட்கள்ல நிறைய பேர் இப்படித்தான்" என்றார். "ஒரு நிமிஷத்துல சொல்லிக் கொடுத்துட்டதா நானும் நினைச்சுக்கிட்டிருக்கேன்."

கீழ்வீட்டு அம்மாவைப் பற்றிச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, கையை மட்டும் சொன்னேன். மாத்திரையில் இருந்தபோது கோணலாக வந்த காலர்கள், மெஷினிலிருந்து எழுப்பப்பட்டது, இப்போது சேமித்துச் சேமித்து அடிப்பது. "அவங்களுக்கு மாத்திரை மலிவு இல்லை மேடம். மாத்திரை அவங்களுக்கு ஒரு வேலை அளவுக்கு விலை."

நிபுணர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். "என் அட்டவணைல கை நடுக்கத்துக்குக் கட்டமே இல்லை" என்றார். அதில் குற்ற உணர்வு எதுவும் இல்லை. பழுது கண்டுபிடித்தவரின் அக்கறை இருந்தது. அந்த இடத்திலேயே ஒரு புதிய கட்டம் சேர்த்தார். அன்றிலிருந்து அவர்மேல் எனக்கு மரியாதை. தன் கணக்கில் ஓட்டை இருக்கிறது என்று கேட்டதும் சந்தோஷப்படுகிற ஆட்கள் அதிகம் பேர் இல்லை.

தலைவி பென்சிலைத் தட்டினார். "அது சரி. எதை எடுக்கிறது?"

அதுதான். இன்ஹேலர் இருந்தால் குழந்தைகளின் மருந்து மறுபடியும் வாசலில் நிற்கும். கீழ்வீட்டு அம்மாவின் கை நிற்க, எங்கோ ஒரு குழந்தை காத்திருக்க வேண்டும்.

அதிகம் பேசாத கிடங்கு அதிகாரி தொண்டையைச் செருமினார். "சிரப்பு இருக்கு மேடம்."

"எந்த சிரப்பு?"

"கெம்மு சிரப்பு. அந்தச் சிவப்பு."

அறையில் ஒரு சங்கடமான அசைவு ஓடியது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தும் பேசாமல் இருக்கும் விஷயத்தை ஒருவர் பந்தியில் போட்டு உடைத்தது போல. அந்த இருமல் சிரப்புதான் எல்லாக் கிளினிக்கிலிருந்தும் அதிகமாகக் கேட்கப்படுவது. அது காலாவதியானதே கிடையாது. அந்த அளவுக்கு அது கிடங்கில் தங்காது. இருமலை அது குணப்படுத்துவதற்கு என்ன ஆதாரம் என்று தலைவி கேட்டார். நுரையீரல் டாக்டர் மேலே பார்த்து யோசித்துவிட்டு, "இனிப்பா இருக்கும். சிவப்பா இருக்கும். மத்தபடி ஒண்ணும் ஞாபகம் வரல" என்றார்.

யோசித்துப் பார்த்தால் விசித்திரம். வேலை செய்கிற மருந்தை யாரும் கேட்கவில்லை என்று எடுக்கப் பார்த்தோம். வேலை செய்யாத மருந்தை எல்லோரும் கேட்கிறார்கள் என்று வருடக்கணக்காக வைத்திருந்தோம். இரண்டிலும் நாங்கள் எண்ணியது கேட்ட கைகளை மட்டும்.

"இதை எடுத்தா ஜனங்க சும்மா இருக்க மாட்டாங்க" என்றார் தலைவி. "பாட்டில் கையில இல்லாம வீட்டுக்குப் போனா, டாக்டர் ஒண்ணும் கொடுக்கலைன்னு சொல்வாங்க."

"சொல்லட்டும் மேடம்" என்றேன். குரல் எனக்கே பிடித்தது. முழு நுரையீரலோடு பேசும்போது மனிதனுக்கு ஓர் உறுதி வந்துவிடுகிறது. முதலில் தூக்கிய கை என்னுடையது. மற்றக் கைகளும் ஒவ்வொன்றாக எழுந்தன. பென்சில் சிவப்பு சிரப்பின் மேல் ஒரு கோடு போட்டது. குழந்தைகளின் மருந்து உள்ளே வந்தது. இன்ஹேலர் இன்னும் ஒரு வருடம் இருக்கும். அதைக் கொடுக்கும் ஒவ்வொரு கிளினிக்கும், யார் லீவில் இருந்தாலும், பயன்படுத்தும் முறையைச் செய்து காட்ட வேண்டும் என்று நிபந்தனை. பாட்டில் மாதிரியான பிளாஸ்டிக் குழாய்களையும் சேர்த்துக் கொடுக்கலாமே என்றேன். அது மருந்து அல்ல, உபகரணம், உபகரணக் குழு கீழ்மாடியில் என்றார்கள். அங்கேயும் ஒரு மனுவைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

செய்முறையை ஒரு பக்கத்தில் எழுதித் தரும் பொறுப்பு இயல்பாக என் தலையில் விழுந்தது. அதைப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது, சுவரில் ஒட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அந்த விஷயத்தில் குழுவில் என்னைவிட அனுபவசாலி யாரும் இல்லை.

செய்தியைச் சொல்ல அன்று சாயங்காலமே கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த அம்மா மாவுக் கையோடு வந்து, "இருக்கும்ல?" என்று ஒரு தடவை கேட்டார். இருக்கும் என்றேன். "சரிண்ணே" என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அடுப்பில் ஏதோ இருந்தது. நன்றி சொல்ல இது நேரமில்லை, பம்பு கைக்கு வந்ததும் விவரமாகச் சொல்வார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

புதிய பட்டியல் நடைமுறைக்கு வந்த பிறகு ஒரு காலை, கேட் அருகே நியூஸ்பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றேன். படிக்கவில்லை. கிளினிக்கிலிருந்து கீழ்வீட்டு அம்மா வந்தார். கையில் பம்பு.

"குடுத்தாங்களாம்மா?"

"குடுத்தாங்கண்ணே. சிஸ்டர் லீவு. வேற ஒரு பொண்ணு, ஆனா அதுவே செஞ்சு காட்டுச்சு."

"சுவத்துல ஒரு பேப்பர் ஒட்டியிருக்குமே?"

"ஆமா, கீது. ஃபேன் சுவிட்ச மறைக்குதுன்னு ஒரு பக்கம் கிழிச்சிட்டாங்கோ. படம் மட்டும் மிச்சம் கீது, அது போதும்." அவர் கேட்டைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "ஆனா அந்த செவப்பு சிரப்பு இனிமே இல்லையாமே?"

"அது எதுக்கும் உதவாதும்மா. வெறும் இனிப்புத் தண்ணி."

"இருக்கலாம். ஆனா க்யூல ஒருத்தர் பாக்கியில்லாம திட்டினாங்கண்ணே. எவன் கமிட்டில ஒக்காந்துகினு இதெல்லாம் பண்றான், அவன் வீட்ல யாருக்கும் இருமலே வராதான்னு ஒரு அம்மா மண்ணை வாரித் தூத்துச்சு." பம்பைப் பையில் போட்டுக்கொண்டு தன் வீட்டு வாசலுக்கு நடந்தவர், பாதியில் திரும்பினார்.

"நான் உங்க பேர சொல்லலண்ணே."